சிறிய ரயில் சம்பவங்களும் அறிக்கைச் சொற்களும்: ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்றால் என்ன கோளாறு?

சந்திப்பிழை, செந்தூல்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் மலாய் மொழியில் வரும் ரயில் சேவை அறிக்கைகளைத் தமிழில் பெயர்த்துச் செய்தியாக்கும் வேலையில் இருப்பவள் என்ற முறையில் இந்த இழையைத் தொடங்குகிறேன். பெரிய விபத்து என்றால் விசாரணைக் குழு அமையும், நாடாளுமன்றத்தில் கேள்வி எழும், முதல் நாள் சொல்லப்பட்ட தவறான சொல்லும் பிற்பாடு எப்படியாவது திருத்தப்பட்டுவிடும். ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட் மாறாததால் ரயில் நின்றது, பெட்டிகளை இடம் மாற்றும் ஷண்டிங்கின்போது ஒரு பெட்டியின் சக்கரம் இறங்கியது, கதவு மூடாத வண்டி சேவையிலிருந்து எடுக்கப்பட்டது என்பன போன்ற சின்ன நிகழ்வுகளை அப்படி எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று வெளியான நான்கு வரி அறிக்கைதான் பொதுமக்களிடம் மிஞ்சும் ஒரே பதிவு. அந்த நான்கு வரியில் சொல் பிசகினால் நடந்த நிகழ்வே பிசகிப்போகிறது.

என் மேசைக்கு அடிக்கடி வரும் சொல் ‘கங்குவான் டெக்னிக்கல்’. ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று பெயர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்தான். ஆனால் கேபிள் திருடுபோனாலும் தொழில்நுட்பக் கோளாறு, மேலே செல்லும் மின்கம்பியில் மரக்கிளை விழுந்தாலும் தொழில்நுட்பக் கோளாறு, சிக்னல் விளக்கு பழுதானாலும் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரே சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. நோயாளியின் சீட்டில் ‘உடல்நலக் குறைவு’ என்று மட்டும் எழுதி அனுப்பும் மருத்துவரை நாம் ஏற்றுக்கொள்வோமா?

அடுத்தது ‘சிறிய’ என்னும் அடைமொழி. எது சிறியது என்று சொல்வதில்லை. காயமடைந்தோர் தொகையா, தாமதமான நேரமா, பழுதின் தன்மையா? சிவப்பு விளக்கைத் தாண்டிச் சென்ற ரயில் எதன்மீதும் மோதாமல் நின்றுவிட்டால் விளைவு சிறியதுதான். ஆனால் நடந்த தவறு சிறியதன்று. இரண்டையும் ஒரே அடைமொழிக்குள் அடக்குவது சரிதானா என்பதே என் முதல் கேள்வி.

ஒரு வேண்டுகோள். ‘முத்தமிட்டுக்கொண்டன’ என்ற சொல்லை யாரும் இங்கே இழுத்துவர வேண்டாம். 2021 மே 24-ஆம் தேதி கோலாலம்பூரின் கம்போங் பாரு, கேஎல்சிசி நிலையங்களுக்கு இடையேயுள்ள சுரங்கப்பாதையில், கையால் ஓட்டிவரப்பட்ட காலி எல்ஆர்டி ரயில் 213 பயணிகளுடன் வந்த இன்னொரு ரயிலுடன் நேருக்கு நேர் மோதியது. மறுநாள் செய்தியாளர் கூட்டத்தில் அந்தச் சேவையை நடத்தும் பிரசரானா நிறுவனத்தின் அப்போதைய தலைவர் அந்தச் சொல்லைச் சொன்னார். அதற்கடுத்த நாளே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அது நாடே பிடித்துக்கொண்ட சொல். எவர் கண்ணிலும் படாமல் நாள்தோறும் நழுவிப்போகும் சொற்களைப் பற்றித்தான் நான் கேட்கிறேன்.

பங்சார் பயணி

நல்ல தொடக்கம், சகோதரி. நான் மொழி படித்தவன் அல்லன். காலையில் ரயிலேறி மாலையில் வீடு திரும்புபவன். என் குறை ‘தாமதம்’ என்ற சொல்லின்மீது.

ரயில் வரும், ஆனால் பிந்தி வரும் என்பதுதான் தாமதத்தின் பொருள். அந்தச் சொல்லைக் கேட்ட பயணி மேடையிலேயே நிற்பான். ரயில் ஓடவே ஓடாது என்றால் அதற்குப் பெயர் நிறுத்தம். அதைக் கேட்டவன் படியேறி வெளியே போய் பேருந்தையோ கிராப் காரையோ தேடுவான். நான் அன்றாடம் ஏறும் நிலையத்தில் ஒரு காலை ‘கூடுதல் பயண நேரம் 20 நிமிடம்’ என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. மேடை நிரம்பி, மின்படிக்கட்டை நிறுத்தி, கீழே வாயிலை அடைக்கும்வரை அந்த 20 நிமிடம் மாறவேயில்லை. பிறகு ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். அன்று மாலை வந்த அறிக்கையிலும் ‘தாமதம்’ என்றே இருந்தது. எந்தச் சேவை என்று சொல்லவில்லை, அது முக்கியமும் அன்று.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. 2022 நவம்பர் 9 முதல் கிளானா ஜெயா தடத்தில், கிளானா ஜெயாவுக்கும் அம்பாங் பார்க்குக்கும் இடையே 16 நிலையங்கள் பல நாள் மூடப்பட்டன. நகரமே அல்லாடியது, ஆனால் எந்தெந்த நிலையம், எந்தத் தேதியிலிருந்து, ரயிலின் தானியங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பில் பழுது என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டதால், மறுநாள் காலை என்ன செய்வது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. கோபம் இருந்தது, குழப்பம் குறைவு. பெரிய பாதிப்பின்போது நேராகப் பேச முடிகிறவர்களுக்குச் சின்னப் பாதிப்பின்போது ஏன் நாக்கு குழறுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

கைகாட்டி, பட்டர்வொர்த்

ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன் பேசுகிறேன். பிறை ரயில் முற்றத்திலும் புக்கிட் மெர்தாஜத்திலும் என் வேலைக்காலம் கழிந்தது. சகோதரர் பங்சார் பயணியின் கேள்விக்குப் பதில் சொல்லும் முன், தமிழ்ச் செய்திகள் எங்களுக்குச் செய்யும் ஓர் அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முற்றத்தில் நடைவேகத்தில் தள்ளப்படும் காலிப் பெட்டியின் சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்குவதுண்டு. சக்கரத்தைத் தண்டவாளத்தில் பிடித்துவைக்கும் விளிம்பின் உயரம் ஓர் அங்குலத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். தேய்ந்த பாயிண்ட் நாக்கு, அகன்றுபோன பாதை, இடையில் கிடந்த ஒரு கட்டை என ஏதாவது ஒன்று போதும், விளிம்பு ஏறி மறுபக்கம் இறங்கிவிடும். பெட்டி நிமிர்ந்துதான் நிற்கும். ஜாக்கியும் ஏற்றுச் சரிவும் கொண்டுவந்து சில மணி நேரத்தில் மறுபடி ஏற்றிவிடுவோம். எங்கள் பேச்சில் இதற்கு ‘வண்டி இறங்கிவிட்டது’ என்றுதான் பெயர். மறுநாள் செய்தியில் ‘ரயில் தடம் புரண்டது’ என்று வரும். புரண்டது என்றால் படிப்பவர் மனத்தில் பெட்டி உருண்டு கிடக்கும் காட்சிதானே வரும்? ஊரிலிருந்து அழைத்து, நான் பிழைத்திருக்கிறேனா என்று கேட்பார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சில இடங்களில், கட்டுப்பாடில்லாமல் ஓடிவரும் வண்டி பிரதான பாதைக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, அதை வேண்டுமென்றே தடத்திலிருந்து இறக்கிவிடும் பாயிண்ட் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அந்தப் பாயிண்டில் வண்டி இறங்கினால் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்தது என்று பொருள். வண்டி ஏன் கட்டுப்பாடின்றி ஓடியது என்ற கேள்வி வேறு. ஆனால் அதை இறக்கியது பழுதன்று, காவல். அறிக்கையில் இதுவும் ‘தடம் புரண்டது’, பிரதான பாதையில் தண்டவாளம் முறிந்து இறங்கினாலும் ‘தடம் புரண்டது’. முன்னதில் யாரோ ஒருவர் சரியாகச் சிந்தித்திருக்கிறார், பின்னதில் யாரோ ஒருவர் பார்க்கத் தவறியிருக்கிறார் என்ற வேறுபாடு அந்த ஒற்றைச் சொல்லில் கரைந்துபோகிறது.

‘சிக்னல் கோளாறு’ கதையும் இதேதான். சிக்னல் அமைப்பு பழுதானால் விளக்கு சிவப்புக்குப் போய்விட வேண்டும் என்பது அடிப்படை வடிவமைப்பு. ஆகவே பெரும்பாலான சிக்னல் கோளாறுகளில் ரயில் நிற்கும், பயணி திட்டுவார், ஆபத்து இராது. இதைப் பாதுகாப்பான பக்கத்துப் பழுது என்போம். சிவப்பு காட்ட வேண்டிய இடத்தில் பச்சை காட்டுவது மறுபக்கத்துப் பழுது; அதுதான் எங்களைத் தூங்கவிடாதது. 1988 டிசம்பர் 12-ஆம் தேதி லண்டன் கிளாப்பம் சந்திப்பில் 35 பேர் இறந்ததற்கு, வேலை முடித்தபின் வெட்டியகற்றாமல் விடப்பட்ட பழைய கம்பியொன்று போய்த் தொட்டு, சிக்னலைச் சிவப்புக்கு மாறவிடாமல் செய்ததுதான் காரணம். முதல் வகை ஆயிரம் முறை நடந்தாலும் அது எரிச்சல். இரண்டாம் வகை ஒருமுறை நடந்து, யாருக்கும் காயமில்லாமல் போயிருந்தாலும் முழுப் பாதையையும் நிறுத்திச் சோதிக்க வேண்டிய விஷயம். இரண்டும் ‘சிக்னல் கோளாறு’ என்ற ஒரே சொல்லில் வந்தால் மக்கள் எதற்குப் பயப்படுவது, எதற்குப் பொறுத்துக்கொள்வது?

அறிக்கைக்காரர்

மறுபக்கத்தையும் யாராவது பேச வேண்டும். ரயில் துறையில் அன்று, வேறொரு பொதுச் சேவையில் பல காலம் ஊடகத் தொடர்பு மேசையில் இருந்தவன் நான். முதல் அறிக்கை கால் மணி நேரத்தில் வெளியாக வேண்டும். இல்லையென்றால் டிக்டாக் காணொளி அறிக்கையை முந்திவிடும். அந்தக் கால் மணி நேரத்தில் களத்திலிருந்து எனக்குக் கிடைப்பது அரைகுறையான ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு. அதை நம்பி ‘பாயிண்ட் பழுது’ என்று எழுதி, மாலையில் அது கேபிள் திருட்டு என்று தெரியவந்தால், பொய் சொன்னவன் என்ற பட்டம் எனக்குத்தான். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதுவதில் சோம்பலும் உண்டு, தற்காப்பும் உண்டு, ஒளித்துவைக்கும் எண்ணம் எப்போதும் இருப்பதில்லை.

‘விபத்து’ என்று எழுதினால் காப்பீட்டுக்காரர் முதல் வழக்கறிஞர் வரை எல்லாரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். ‘மோதல்’ என்று எழுதினால் தலைப்பில் ‘பயங்கர’ என்ற சொல்லைப் பத்திரிகை சேர்த்துவிடும். கைகாட்டி ஐயா சொன்ன ‘புரண்டது’ எங்கள் அறிக்கையிலிருந்து வந்ததன்று, மொழிபெயர்ப்பில் முளைத்தது. ‘சம்பவம்’ என்பது மென்மையான சொல் என்று எல்லாரும் பழிக்கிறார்கள். ஆனால் அது உலகெங்கும் பாதுகாப்புத் துறையில் வழங்கும் முறையான சொல் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மனுதாரர்

அறிக்கைக்காரர் ஐயா கடைசியாகச் சொன்னது உண்மை. அந்த உண்மையே அவருக்கு எதிராகத் திரும்புகிறது என்பதைக் காட்ட விரும்புகிறேன்.

முறையான சொல் என்றால் அதற்கு எல்லை இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/798 எண் கொண்ட ரயில் பாதுகாப்பு நெறியை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டப்படாத, திடீரென நிகழ்ந்த, தீங்கு விளைவித்த நிகழ்வு அதில் விபத்து எனப்படுகிறது; மோதல், தடம் விலகல், கடவையில் நேரும் விபத்து, ஓடும் வண்டியால் ஆட்களுக்கு நேரும் விபத்து, தீ என்று அது வகை பிரிக்கப்பட்டுள்ளது. விபத்தாகாத, ஆனால் ரயில் இயக்கத்தின் பாதுகாப்பைத் தொடும் மற்ற நிகழ்வுகளே சம்பவம். ‘கடுமையான விபத்து’ என்பதற்கும் அளவு உண்டு: மோதலிலோ தடம் விலகலிலோ ஒருவராவது இறந்திருக்க வேண்டும், அல்லது ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கடுமையாகக் காயமடைந்திருக்க வேண்டும், அல்லது சேதம் குறைந்தது 20 லட்சம் யூரோ என்று மதிப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். விமானத் துறையிலும் இப்படித்தான் விபத்து, கடுமையான சம்பவம், சம்பவம் என்று படிநிலை வகுத்திருக்கிறார்கள்.

ஆகவே இரண்டு ரயில்கள் இடித்து ஆட்கள் காயமடைந்திருக்கும்போது ‘சம்பவம்’ என்று எழுதுவது கலைச்சொல்லைப் பயன்படுத்துவதாகாது. கலைச்சொல்லின் மரியாதையைக் கடன்வாங்கி விபத்தின் எடையைக் குறைப்பதாகும். மறுபுறம், யாரும் காயமடையாமல் சிவப்பு விளக்கைத் தாண்டிய நிகழ்வைச் ‘சம்பவம்’ என்பது முழுக்கச் சரி. அங்கே அந்தச் சொல் ‘பாதுகாப்பைத் தொட்டது’ என்ற எச்சரிக்கையைச் சுமக்கிறது. நம் செவியிலோ சம்பவம் என்றால் பொருட்படுத்த வேண்டாதது என்று விழுகிறது. ‘சிறிய’ என்ற சொல்லும் இப்படித்தான். எந்த அளவுகோலை வைத்து அளந்தார்கள் என்பது அறிக்கையில் வருவதில்லை.

பட்டறை, பெட்டாலிங் ஜெயா

கலைச்சொல்லைப் பற்றி ஒரு பொறியாளனின் குறிப்பு. 2017 நவம்பர் 15-ஆம் தேதி காலை, சிங்கப்பூரின் ஜூ கூன் நிலையத்தில் நின்றிருந்த ரயிலை, பின்னால் வந்து நின்ற இன்னொரு ரயில் மறுபடி நகர்ந்து இடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அன்று முதலில் வந்த அதிகாரபூர்வ அறிக்கையில், இரண்டாம் ரயில் எதிர்பாராமல் முன்னே நகர்ந்து முதல் ரயிலுடன் ‘தொடர்புக்கு வந்தது’ என்ற பாங்கில் சொல்லப்பட்டிருந்தது. கேலி செய்யாதவர் இல்லை.

கேலியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இயற்பியலில் மோதல் என்பதற்கு வேக வரம்பு கிடையாது. மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் இடித்தாலும் மோதல்தான். கடுமையைச் சொல்ல வேண்டுமானால் வேகத்தைச் சொல்லலாம். ‘மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் மோதியது’ என்று எழுதினால் பீதியும் எழாது, பொய்யும் இராது. மென்மையான வினைச்சொல்லைத் தேடி அலைவதற்குப் பதிலாக ஓர் எண்ணை எழுதிவிடலாம்.

அந்த ரயில் ஏன் நகர்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. புதிய சிக்னல் அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ரயிலுக்குரிய ஒரு பாதுகாப்பு அம்சம் வழியில் நீங்கிப்போனதால், முன்னால் நின்ற ஆறு பெட்டி ரயிலை அமைப்பு மூன்று பெட்டி ரயிலாகக் கணித்தது. இடையில் போதிய இடம் இருப்பதாக நினைத்துப் பின்வண்டிக்கு வழிவிட்டது. இதை ஒருவர் ‘கோளாறு’ என்று சுருக்கலாம். ஆனால் கோளாறு என்றால் சரியாக இருந்த ஒன்று கெட்டுப்போனது. பழைய அமைப்பும் புதிய அமைப்பும் சந்திக்கும் இடத்தில் இப்படியும் நடக்கலாம் என்பதை முன்கூட்டியே பார்க்காதது வேறு வகைக் குறை. முதலாவதற்குப் பாகத்தை மாற்றினால் போதும், இரண்டாவதற்கு வேலை செய்யும் முறையையே மாற்ற வேண்டும். எந்தச் சொல்லைத் தேர்கிறோமோ அந்தப் பக்கம்தான் பணமும் ஆளும் போகும்.

ஆயர் ஈத்தாம்

இடையே பினாங்கிலிருந்து ஒரு சிறு குறுக்கீடு. எங்கள் கொடிமலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது, இப்போதுள்ள பெட்டிகள் 2011-இல் வந்தவை. இரண்டு பெட்டிகள் ஒரே வடத்தின் இரு முனைகளில் ஒன்றுக்கொன்று எடைச்சமன் செய்து ஓடுகின்றன. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். எனவே ‘ஒரு பெட்டி வழியில் நின்றது’ என்று யாராவது எழுதினால் அது அரைச் செய்திதான், இன்னொரு பெட்டியும் மலையில் எங்கோ நின்றுகொண்டிருக்கும். அமைப்பு எப்படி இயங்குகிறது என்பது எழுதுபவருக்குத் தெரியாதபோது நல்லெண்ணத்துடன் எழுதிய வாக்கியமும் தவறாகிவிடுகிறது.

சந்திப்பிழை

எல்லாருக்கும் நன்றி. ‘புரண்டது’ மொழிபெயர்ப்பில் முளைத்தது என்று அறிக்கைக்காரர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். மலாயில் ‘தெர்கெலிஞ்சிர்’ என்று வருகிறது, அதாவது வழுக்கி விலகுதல். அதில் உருளுதல் இல்லை. தமிழ்ச் செய்திக்குப் பழகிப்போன தொடர் என்பதால் ‘தடம் புரண்டது’ தானாக விரலுக்கு வந்துவிடுகிறது.

ஆனால் அறிக்கையிலேயே பிறக்கும் பிசகுகளும் உண்டு. எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது ‘முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக’. ரயில் ஏற்கெனவே நின்றுவிட்டது, நகர மறுக்கிறது, பயணிகளை இறக்கியாகிவிட்டது; அதன் பிறகு ‘முன்னெச்சரிக்கையாகச் சேவை நிறுத்தப்பட்டது’ என்றால் எதற்கு முன்? ஓடக்கூடிய ரயிலைச் சந்தேகத்தின் பேரில் நிறுத்தினால்தான் அது முன்னெச்சரிக்கை. ஓட முடியாத ரயிலை நிறுத்துவதற்கு எவருடைய விவேகமும் தேவையில்லை.

‘பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டனர்’ என்பதும் அப்படியே. நடைமேடையில் கதவு திறந்து இறங்கியவர்களுக்கும் இதுதான் சொல், இரண்டு நிலையங்களுக்கு நடுவே உயரப் பாதையில் ஊழியர் கைகாட்ட வரிசையாக நடந்து வந்தவர்களுக்கும் இதுதான் சொல். பின்னவர்களில் ஒரு மூதாட்டியோ சக்கர நாற்காலியில் உள்ளவரோ இருந்திருந்தால் அந்தப் ‘பாதுகாப்பாக’ எப்படி நிறைவேறியது என்று அறிய எனக்கு ஆவல் உண்டு.

கடைசி வரி இன்னும் வேடிக்கையானது. ‘செகாலா கெசுலித்தான் அமாட் டிகெசாலி’ என்று மலாயில் முடியும். சிரமங்கள் வருந்தப்படுகின்றன என்பதுதான் அதன் அமைப்பு; வருந்துகிறவர் யார் என்று வாக்கியத்தில் இல்லை. தமிழில் அப்படி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால், ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று நாங்கள் எழுதுகிறோம். மூலத்தில் இல்லாத ஒரு ‘நாம்’ மொழிபெயர்ப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிறுவனம் கேட்காத மன்னிப்பை நான் அதன் சார்பில் தமிழ் வாசகரிடம் கேட்டுவிடுகிறேன். இது நேர்மையா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மனுதாரர்

சட்டப்படி அந்த ‘வருந்துகிறோம்’ உங்களைக் கட்டாது, சகோதரி, கவலை வேண்டாம். ஆனால் நேர்மை என்ற அளவில், ‘வருத்தம் தெரிவிக்கப்பட்டுள்ளது’ என்று நிறுவனத்தின் கூற்றாக எழுதிவிடுவதே மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும். அது கொஞ்சம் வறட்சியாகத் தோன்றும், மூலமும் வறட்சிதானே.

கைகாட்டி, பட்டர்வொர்த்

தம்பி பட்டறை சொன்னதைத் தொட்டு, ‘மனிதத் தவறு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் இதைக் கேட்டாலே தொண்டை அடைக்கும்.

1999 அக்டோபர் 5-ஆம் தேதி லண்டன் லாட்புரோக் குரோவில் இரண்டு ரயில்கள் மோதி 31 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் ஒருவர் எஸ்.என். 109 என்ற சிக்னலைச் சிவப்பில் தாண்டிச் சென்றதிலிருந்து அது தொடங்கியது. மனிதத் தவறு என்று முடித்திருக்கலாம். ஆனால் லார்ட் கல்லன் தலைமையிலான விசாரணையில் வெளிப்பட்டது என்ன? அதே சிக்னலை 1993-இலிருந்து எட்டு முறை வெவ்வேறு ரயில்கள் சிவப்பில் தாண்டியிருந்தன. மேலே மின்கம்பிக் கட்டமைப்புகள் மறைத்தமையால் அந்த விளக்கைப் பார்ப்பதே சிரமமாக இருந்தது. எட்டு முறையும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, எட்டும் தனித்தனிச் சிறிய சம்பவங்கள். அவற்றை ‘ஓட்டுநர் கவனக்குறைவு’ என்ற பெட்டியில் போட்டார்களா, ‘சிக்னல் கண்ணில் படவில்லை’ என்ற பெட்டியில் போட்டார்களா என்பதில்தான் ஒன்பதாம் முறையின் கதை இருந்தது. அந்த விசாரணையின் பரிந்துரையால் பிரிட்டனில் தனி ரயில் விபத்து விசாரணைப் பிரிவு உருவாகி 2005-இல் வேலையைத் தொடங்கியது. யாரைத் தண்டிப்பது என்று அது பார்ப்பதில்லை. ஒருவரும் காயமடையாத நிகழ்வுகளையும் எடுத்து நீண்ட அறிக்கை எழுதுகிறது.

சிரிப்புக்கு ஒன்று. சிவப்பில் சிக்னலைத் தாண்டுவதற்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்பாட்’ என்பது உலக ரயில்வே வழக்கு. 2010-இல் இங்கே தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையம் அமைந்தபோது அதன் மலாய்ப் பெயரின் முதலெழுத்துகளும் அதே ‘ஸ்பாட்’ ஆக வந்து நின்றன. ‘ஸ்பாட்டுக்கு அறிக்கை அனுப்பியாகிவிட்டதா’ என்று கேட்டால் எங்களில் சிலர் குனிந்து சிரித்துக்கொள்வோம். பின்னர் அது ‘ஆப்பாட்’ ஆகிவிட்டது.

அறிக்கைக்காரர் ஐயாவுக்கு ஒன்று சொல்வேன். காரணம் தெரியாது என்பது குற்றமன்று. தெரியாது என்றே எழுதுங்கள். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்பது தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டும் சொல்.

அறிக்கைக்காரர்

ஐயா சொல்வது மனத்தில் தைக்கிறது. எனினும் விமர்சிப்பது எளிது. எல்லாரும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதிக் காட்டுங்கள். கற்பனை நிகழ்வு: பணிமனையிலிருந்து வெளியே வந்த காலி ரயிலின் சில சக்கரங்கள் பாயிண்டில் இறங்கிவிட்டன, காலை நேரம், காரணம் தெரியாது. பழைய பாணியில் நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“இன்று காலை ஏற்பட்ட ஒரு சிறிய சம்பவத்தைத் தொடர்ந்து, முன்னெச்சரிக்கை நடவடிக்கையாகச் சேவையில் தாமதம் ஏற்பட்டுள்ளது. நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது. சிரமங்களுக்கு வருந்துகிறோம்.”

எழுதும்போதே தெரிகிறது, ரயில் என்ற சொல்லே இதில் இல்லை.

பட்டறை, பெட்டாலிங் ஜெயா

‘ஏற்பட்ட’ முதல் வரியில், ‘ஏற்பட்டுள்ளது’ அதே வரியின் முடிவில். எதையும் எவரும் செய்யாத உலகம். என் முயற்சி:

“இன்று காலை 6.40 மணிக்கு, பணிமனையிலிருந்து வெளியே வந்த பயணிகள் இல்லாத ரயிலொன்றின் முதல் பெட்டியில் நான்கு சக்கரங்கள், பிரதான பாதையுடன் சேரும் பாயிண்டில் தண்டவாளத்தை விட்டு இறங்கின. பெட்டி சாயவில்லை. எவருக்கும் காயமில்லை. அந்தப் பாயிண்ட் வழியாக இப்போது எந்த ரயிலும் செல்ல இயலாது. ஆகவே இரு நிலையங்களுக்கு இடையே சேவை நிறுத்தப்பட்டு, இலவசப் பேருந்துகள் இயங்குகின்றன. சக்கரங்கள் இறங்கியதற்கான காரணம் இன்னும் தெரியவில்லை. அடுத்த அறிக்கை 8 மணிக்கு வெளிவரும்.”

அறிக்கைக்காரர்

இரண்டு இடங்களில் மறுப்பு. எத்தனை சக்கரம் என்பது கால் மணி நேரத்தில் எனக்குக் கிடைக்காது. 8 மணி என்று உறுதியளித்தால் 8.01-க்கு என்னைப் பிய்த்துவிடுவார்கள்.

கைகாட்டி, பட்டர்வொர்த்

கிடைக்கும், ஐயா. வண்டி இறங்கினால் களத்திலிருப்பவர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் முதல் தகவலே எந்தப் பெட்டி, எத்தனை சக்கரம், எந்தப் பக்கம் என்பதுதான். அது தெரியாமல் மீட்புக் கருவியை அனுப்ப முடியாது. தகவல் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது. உங்கள் மேசைக்கு வருவதற்குள் வழியில் ‘சிறிய சம்பவம்’ ஆகிவிடுகிறது.

பங்சார் பயணி

8 மணி என்பதை எடுத்துவிடாதீர்கள். 8 மணிக்கு வந்து, ‘இன்னும் தெரியவில்லை, அடுத்து 9 மணிக்கு’ என்று சொன்னாலும் எனக்குப் போதும். பேருந்து எந்த வாயிலில் நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; பங்சாரில் தவறான பக்கம் இறங்கினால் மறுபடி படியேறி வர வேண்டும்.

சந்திப்பிழை

வாயிலைச் சேர்த்துவிட்டேன். ‘தண்டவாளத்தை விட்டு இறங்கின’ என்பதை இனி செய்தியில் அப்படியே எழுதிப் பார்க்கிறேன். தலைப்புக்கு அது நீளம் என்று ஆசிரியர் சொல்வார். ‘ரயில் சக்கரங்கள் தடம் இறங்கின’ என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன். கைகாட்டி ஐயா, தொழிலில் இருந்தவர் காதுக்கு அது ஒத்துவருகிறதா?

கைகாட்டி, பட்டர்வொர்த்

‘தடம் விட்டு இறங்கின’ என்று ‘விட்டு’ போட்டுவிடுங்கள், அம்மா. தடத்தில் இறங்குவதென்றால் அது ஏற்றிவைக்கும் வேலை.